மாநாட்டில் கிடைத்த அறிமுகத்தை என்ன செய்தோம்?

(நம் அறக்கட்டளையின் கல்வி உதவி பெறும் மாணவ மாணவியர், அவர்களின் பெற்றோர், சிறு வணிகர்கள் ஆகியோருக்கான வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை, வர முடியாத குடும்பங்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



 மேலூர், திருமங்கலம், சோழவந்தான் என்று வெளியூர்களிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ். கடைசி பஸ்ஸை மனதில் வைத்து, இஷாவுக்கு முன் முடித்துவிடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

இரண்டு ஆண்டுகளாக நம் அறக்கட்டளை உதவித்தொகையோடு இன்னொரு சிறு உதவியும் செய்து வருகிறது. பிள்ளைகளின் படிப்புக்குத் தொடர்பான மாநாடு, கருத்தரங்கு, கண்காட்சி எங்கே நடந்தாலும் பதிவுக் கட்டணமும் பஸ் செலவும் கொடுக்கிறோம். சென்ற முறை சென்னைக்குப் போய் வந்தவர்களை உட்காரவைத்து, "யாரைச் சந்தித்தீர்கள்?" என்று கேட்டோம். செல்போனை எடுத்து ஆளுக்குப் பத்துப் படம் காட்டினார்கள். ஒரு நிறுவனத்தின் மேலாளரோடு நின்று எடுத்த படம் ஒன்று. "இவர் பெயர் என்ன தம்பி?" என்றோம். தெரியவில்லை. "என்ன பேசினீர்கள்?" "செல்ஃபி எடுத்துக்கலாமா சார்னு கேட்டோம், அவ்வளவுதான்." கொண்டு வந்தது ஒரு துணிப்பை, ஒரு பேனா, ஒரு சான்றிதழ்.

அன்று எங்களுக்கு வருத்தமாக இருந்தது. பிள்ளைகள் மீது குறை சொல்ல முடியாது. பஸ்ஸுக்குக் காசு கொடுத்த நாங்கள், அங்கே போய் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இன்றைய கூட்டம். மாநாட்டில் கிடைக்கும் அறிமுகங்களைச் சமூக ஊடகங்களின் உதவியோடு எப்படி ஏற்படுத்துவது, ஏற்பட்டதை எப்படி அறுந்துபோகாமல் வைத்திருப்பது என்பதே பேச்சு.

முதலில், இது ஏன் நமக்குத் தேவை?

நம் வீடுகளில் வேலை எப்படிக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். அத்தாவுக்கு அவருடைய மாமா சென்னையில் ஒரு கடையில் சேர்த்துவிட்டார். அண்ணனுக்கு மச்சான் விசா அனுப்பினார். இது அல்லாஹ் நமக்குக் கொடுத்த பெரிய பலம். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. மாமாவுக்குத் தெரிந்த பத்துப் பேரைத்தான் மச்சானுக்கும் தெரியும். சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் ஒரே செய்தியைத்தான் நமக்குள் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொள்கிறோம். பிள்ளை மின்னணுவியல் படித்திருக்கிறான்; அந்தத் துறையில் எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பது நம் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் பட்டம் வாங்கியவன் செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிறான். கடை வேலை கண்ணியமான வேலைதான். நான்கு வருடம் படித்த படிப்பு பயன்படாமல் போகிறதே என்பதுதான் கவலை.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் சமீபத்தில் வேலை மாறியவர்களிடம், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்திருந்தால் அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். வாரம் இரண்டு முறையாவது பார்க்கும் நெருங்கியவர் மூலம் கிடைத்தது என்றவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர் அளவுக்குத்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் என்றவர்கள் பாதிக்கும் மேல். மீதிப் பேருக்கு வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பதே அரிதான ஒருவர் மூலம் கிடைத்திருந்தது. நெருங்கியவர்களுக்கு நம் மீது அன்பு அதிகம். ஆனால் நமக்குத் தெரியாத செய்தி தூரத்து அறிமுகத்திடம்தான் இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

கேட்டது சிலரிடம்தானே என்று நினைக்கலாம். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடி பேரை வைத்து 5 ஆண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 2022-ல் சயன்ஸ் இதழில் வந்தது. மிக நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத நடுத்தர அறிமுகங்கள்தான் வேலை மாறுவதற்கு அதிகம் உதவின என்று அதில் கண்டார்கள். மாநாட்டில் நமக்குக் கிடைப்பது இந்த வகை அறிமுகம்தான்.

இது வெள்ளைக்காரர் வழக்கம், நமக்குப் புதிது என்று எண்ண வேண்டாம். நம் மதுரைக்கே வந்த ஒருவரைச் சொல்கிறோம். மொராக்கோவின் தான்ஜியர் நகரத்திலிருந்து 1325-ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு பதூதா, வழியில் அலெக்சாந்திரியாவில் புர்ஹானுத்தீன் என்ற பெரியவரைச் சந்தித்தார். "உமக்குப் பயணத்தில் விருப்பம் இருக்கிறது. ஹிந்துவில் சகோதரர் ஃபரீதுத்தீன், சிந்துவில் ருக்னுத்தீன், சீனாவில் புர்ஹானுத்தீன் இருக்கிறார்கள். பார்த்தால் ஸலாம் சொல்லும்" என்ற கருத்தில் அவர் சொன்னார். இருபது வயது தாண்டிய வாலிபர் அந்தப் பெயர்களை மறக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு மூவரையும் தேடிச் சந்தித்து ஸலாம் சேர்ப்பித்ததாக எழுதியிருக்கிறார்.

1340-களில் இலங்கையிலிருந்து வந்தபோது நம் மஅபர் கடற்கரையில் அவருடைய கப்பல் தரைதட்டியது. அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்கு மண உறவுமுறையில் வேண்டியவர். டெல்லியில் ஏற்பட்ட அந்த உறவு, ஆளறியாத கரையில் ஆதரவு தந்தது. ஊரும் பெயரும் நினைவில் வைத்து, யார் யாருக்கு உறவு என்று தெரிந்து, கொடுத்த ஸலாமைச் சேர்ப்பித்தார். அவரிடம் செல்போன் இல்லை. நம்மிடம் இருக்கிறது, மேலாளர் பெயர்தான் தெரியவில்லை.

இனி செய்முறைக்கு வருவோம். மாநாட்டுக்கு முன், மாநாட்டின்போது, மாநாட்டுக்குப் பின் என்று மூன்று கட்டமாகச் சொல்கிறோம்.

மாநாட்டுக்கு முன்:

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வேலை உண்டு. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் பெரும்பாலும் சொந்தபந்தம், நண்பர்களுக்கு. வாட்ஸ்அப் ஏற்கெனவே பழகியவருக்கு. தொழில் அறிமுகத்துக்கென்றே உள்ளது லிங்க்ட்இன். 2003-ல் தொடங்கப்பட்டது, இந்தியாவில் மட்டும் 2023-ல் 10 கோடி உறுப்பினர்களைத் தாண்டிவிட்டது. கணக்கு தொடங்கக் கட்டணம் இல்லை. பெயருக்குக் கீழே உள்ள வரியில் "வேலை தேடுகிறேன்" என்று மட்டும் போடாதீர்கள். என்ன படிக்கிறோம், எதில் பயிற்சி இருக்கிறது, என்ன புராஜெக்ட் செய்தோம் என்று எழுதுங்கள். பொய் ஒரு சொல்லும் வேண்டாம். தெரியாத மென்பொருளைத் தெரியும் என்று எழுதினால் நேர்முகத்தில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். உங்கள் பெயரோடு, அடுத்து வரும் நம் பிள்ளையின் பெயரும் கெடும்.

பிறகு மாநாட்டின் நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள். பேசப் போகிறவர்களில் உங்கள் பாடத்துக்கு நெருக்கமான மூன்று பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று போதும். அவர்கள் லிங்க்ட்இன்னில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மாநாட்டுக்கென்று ஒரு ஹேஷ்டேக் அறிவித்திருப்பார்கள். அதைத் தேடினால் இன்னும் யார் யார் வருகிறார்கள் என்று தெரியும். ஒருவருக்கு இணைப்பு அழைப்பு அனுப்பும்போது சிறு குறிப்பு சேர்க்கலாம். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளுக்கு மட்டும்தான் குறிப்பு எழுத முடியும். அதனால் அந்த மூவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். "வணக்கம் சார். மதுரையில் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் உரையைக் கேட்க வருகிறேன். பம்ப் அதிர்வு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம் உண்டு, நேரில் கேட்கலாமா?" இவ்வளவு போதும்.

மாநாட்டின்போது:

படம் எடுப்பதற்கு முன் பேசுங்கள். முதலில் உங்கள் பெயர், ஊர், படிப்பு. பிறகு ஒரே ஒரு கேள்வி, அவருடைய பேச்சிலிருந்து. லிங்க்ட்இன் செயலியில் தேடும் கட்டத்தின் ஓரத்தில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. மளிகைக் கடையில் காசு கொடுக்க ஸ்கேன் செய்கிறோமே, அதே போலத்தான். அவர் ஸ்கேன் செய்தால் உங்கள் பக்கம் திறக்கும். முதல் சந்திப்பிலேயே செல்போன் எண் கேட்க வேண்டிய தேவை இதனால் இல்லாமல் போகிறது.

பிரிந்து வந்த உடனே ஓரமாக நின்று இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: பெயர், என்ன பேசினோம், என்ன அனுப்புவதாகச் சொன்னோம். மாலைக்குள் இருபது முகங்களைப் பார்த்திருப்பீர்கள். இரவில் எதுவும் நினைவிருக்காது. குறிப்பைச் செல்போனிலும் நோட்டிலும் இரண்டு இடத்தில் வையுங்கள். புகாராவில் சிரமப்பட்டு எடுத்த குறிப்புகளைக் கடற்கொள்ளையில் பறிகொடுத்ததாக இப்னு பதூதாவே எழுதியிருக்கிறார்.

வக்தை மறந்துவிடாதீர்கள். தொழுதுவிட்டு வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தொழும் இடம் எங்கே என்று காலையிலேயே விசாரித்துவிடுங்கள்.

மாநாட்டுக்குப் பின்:

இங்கேதான் நம் பிள்ளைகள் தோற்கிறார்கள். இரண்டு நாளுக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள். நன்றி ஒரு வரி, அவர் சொன்னதில் நீங்கள் கற்றது ஒரு வரி, அனுப்புவதாகச் சொன்னது எதுவோ அது. இந்தச் செய்தியில் வேலை கேட்காதீர்கள்.

நம் இரண்டு பிள்ளைகள் செய்ததைப் பெயர் சொல்லாமல் சொல்கிறோம். இருவரும் ஒரே கருத்தரங்குக்குப் போனவர்கள். தம்பி சுறுசுறுப்பானவன். அன்று இரவே நாற்பது பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினான்: பயோடேட்டா இணைத்திருக்கிறேன், ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள். ஒரு பதிலும் வரவில்லை. "நம்ம பேரைப் பார்த்துதான் பதில் போடல" என்று நம் அலுவலகத்தில் வந்து மனம் நொந்து சொன்னான். அப்படியும் சிலர் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செய்தியை வாங்கிப் படித்துப் பார்த்தோம். யார் அனுப்பியிருந்தாலும் பதில் வந்திருக்காது.

மேலூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, மூன்று பேருக்கு மட்டும் எழுதினாள். அவர்களில் ஒரு அம்மையார், அவளுடைய புராஜெக்டில் ஒரு சென்சார் தவறான இடத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். மூன்று மாதம் கழித்து, "நீங்கள் சொன்னபடி மாற்றினேன் மேடம், இப்போது அளவு சரியாக வருகிறது" என்று வரைபடத்தோடு அனுப்பினாள். அவர் மகிழ்ந்து பதில் எழுதினார். பிறகு அவர் எழுதும் பதிவுகளைப் படித்து, புரிந்த இடத்தில் ஒரு கருத்து எழுதுவாள். எட்டாவது மாதம், ஓர் ஆட்சேர்ப்பு அறிவிப்பை அந்த அம்மையாரே அவளுக்கு அனுப்பி, "நீ விண்ணப்பிக்கலாமே" என்றார். தேர்வும் நேர்முகமும் அவள் சொந்தமாக எழுதி, பேசி வென்றாள். அந்த அறிவிப்பு நம் யாருக்கும் தெரிந்திருக்காது. அறிமுகம் செய்தது அவ்வளவுதான். வாசல் எங்கே என்று காட்டியது.

இருவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அவள் கேட்பதற்கு முன் கொடுத்தாள். ஒருவர் சொன்ன ஆலோசனை பயன்பட்டது என்று திரும்பிச் சொல்வதே அவருக்குக் கொடுப்பதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நல்ல செய்தி, ஒரு கட்டுரை, ஒரு வாழ்த்து. பெருநாள் வாழ்த்து நமக்கு அனுப்புகிறவருக்குப் பொங்கல் வாழ்த்து நாம் அனுப்ப வேண்டாமா? தினமும் காலை வணக்கப் படம் அனுப்புவது மட்டும் வேண்டாம்.

பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு மூன்று பேர்தான் பதில் போடுவார்கள். மனம் தளராதீர்கள். பதில் போடாதவரை மறுபடி மறுபடி தட்டாதீர்கள்.

அடுத்து, பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு.

உங்கள் பயம் எங்களுக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். மகளின் படம் யார் யார் கையிலோ போகுமே, யாராவது தொல்லை கொடுப்பார்களே என்ற கவலை நியாயமானது. அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று சொல்வது எளிது. ஆனால் படிக்க அனுப்பிவிட்டு, அந்தப் படிப்புக்கான வாசலை மூடுகிறோம் என்பதையும் யோசியுங்கள். செய்யக்கூடியவை உண்டு. லிங்க்ட்இன்னில் படம் கட்டாயம் இல்லை. வைத்தாலும், இணைப்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி அமைப்பில் மாற்றலாம். செல்போன் எண்ணையும் வீட்டு முகவரியையும் போட வேண்டாம். பேச்சு அந்தத் தளத்திலேயே இருக்கட்டும். தொழில் பேச்சைத் தாண்டிப் பேசுபவரைத் தடை செய்துவிட்டு அங்கேயே புகார் செய்யலாம். மேலே சொன்ன பிள்ளை முதலில் பெண் பேச்சாளர்களைத்தான் தேடி எழுதினாள், நல்ல யோசனை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதாவது தவறாக வந்தால் மகள் பயப்படாமல் அத்தாவிடமும் அம்மாவிடமும் சொல்லும்படி வீடு இருக்க வேண்டும். சொன்னால் செல்போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று தெரிந்தால் சொல்ல மாட்டாள்.

ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. தாய்லாந்தில் கணினி வேலை, கை நிறையச் சம்பளம் என்று சமூக ஊடக விளம்பரத்தை நம்பிப் போன நம் தமிழ்நாட்டு வாலிபர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டதை 2022-ல் பார்த்தோம். மீட்கப்பட்டு வந்தவர்கள் சொன்னதைச் செய்திகளில் படித்தோம். மாநாட்டில் அறிமுகமானவர் என்று ஒருவர் சொன்னாலும் சரிபார்க்க வேண்டும். வேலைக்குப் பணம் கேட்டால், சுற்றுலா விசாவில் போகச் சொன்னால், நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் இல்லாமல் டெலிகிராமில் மட்டும் பேசினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் முகவர் அரசில் பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். விசா பேப்பரை நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

வணிகச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. இது மாணவர் விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் தோல் கண்காட்சிக்கு ஆம்பூர், வாணியம்பாடி வணிகர்கள் தவறாமல் போவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே மையத்தில்தான் 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. நம் மதுரையிலேயே 2024 பிப்ரவரி 27 அன்று வாகனத் துறைச் சிறு தொழில் முனைவோருக்கான மாநாடு நடந்து, பிரதமர் வந்து பேசினார். 1924-ல் தொடங்கிய தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கம் இங்கே இருக்கிறது. சிறுதொழில்களுக்கு மடீட்சியா இருக்கிறது. இவை நடத்தும் கூட்டங்களுக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? போனவர்களின் கல்லாப்பெட்டியில் ரப்பர் பேண்ட் போட்ட விசிட்டிங் கார்டு கட்டு இருக்கும். அதில் ஒருவரோடாவது பிறகு பேசினோமா?

வாங்கிய கார்டில் உள்ள எண்ணை அன்றே சேமியுங்கள். பெயரோடு எங்கே, எப்போது சந்தித்தோம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வாடிக்கையாளர், சரக்கு தருபவர் என்று பிரித்து லேபிள் போட வசதி இருக்கிறது. பொருள் பட்டியலையும் அதிலேயே வைக்கலாம். பிராட்காஸ்ட் செய்தி, நம் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். எனவே முதலில் தனியாக ஒரு செய்தி அனுப்பி, நம் எண்ணைச் சேமிக்கச் சொல்லிக் கேளுங்கள். யாரையும் கேட்காமல் குழுவில் சேர்க்காதீர்கள்.

நிறைவாக, நிர்வாகக் குழு எடுத்த இரண்டு முடிவுகள்.

ஒன்று: இனி மாநாட்டுக்குக் கட்டணமும் பஸ் செலவும் வாங்கும் பிள்ளைகள், திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் ஒரு தாள் எழுதித் தர வேண்டும். சந்தித்த மூன்று பேர் யார், என்ன பேசினீர்கள், என்ன செய்தி அனுப்பினீர்கள். மூன்று மாதம் கழித்து அதே தாளை எடுத்துவைத்துப் பேசுவோம். இது தேர்வு அல்ல, பயப்பட வேண்டாம். ஜகாத்தும் சதகாவும் கொடுக்கும் நம் மக்களின் உழைப்பு துணிப்பையோடு முடிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு: இந்த அறக்கட்டளையின் உதவியில் படித்து இன்று சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் வேலையில் இருக்கும் சகோதர சகோதரிகள் இந்த இதழைப் படிக்கிறீர்கள். உங்களில் ஒவ்வொருவரும் வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளின் லிங்க்ட்இன் அழைப்பை ஏற்று, அவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். வேலை வாங்கித் தரச் சொல்லவில்லை. உங்கள் துறையில் எந்த வாசல் எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும். விருப்பமுள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

அந்த நாற்பது பேருக்கு எழுதிய தம்பியும் இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். கூட்டம் முடிந்ததும் அவனோடு உட்கார்ந்து, மூன்று பேருக்கு மூன்று செய்தி எழுதப் போகிறோம். உங்களுக்கும் எழுத வேண்டுமென்றால் இருங்கள்.

நம் பிள்ளைகளின் கல்வியை அல்லாஹ் பயனுள்ளதாக ஆக்கி, ஹலாலான ரிஸ்க்கை விசாலமாக்கித் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.